புரி அழிந்த துளை: பழைய காரில் திருகாணி பிடிக்காதபோது செய்வது என்ன?



ஒரு திருகாணியை முறுக்குகிறீர்கள். முதலில் இலகுவாகச் சுழல்கிறது. பின்னர் இறுகுகிறது. இன்னும் கொஞ்சம் என்று முறுக்கும்போது இறுக்கம் சட்டென்று விட்டுப் போகிறது. அதன் பிறகு எவ்வளவு சுற்றினாலும் வெறுமனே சுழன்றுகொண்டே இருக்கிறது. துளையின் உட்புறத்தில் இருந்த புரி அழிந்துவிட்டது என்பதே இதன் பொருள். புரியை மரை என்றும் சொல்வதுண்டு.

பழைய கார்களில் இவ்வாறு புரி அழிந்த துளைகளை எப்படிச் சீர்செய்வது என்பதை இப்பகுதி விளக்குகிறது. விளக்கக் கட்டுரை எழுதும்போது செய்முறையை வரிசையாகச் சொன்னால் மட்டும் போதாது. ஒவ்வொரு செய்கைக்கும் உரிய காரணத்தையும் சொல்ல வேண்டும். எனவே வாசித்துக்கொண்டு போகையில் ‘ஏன்’ என்ற கேள்விக்கு விடை வரும் இடங்களைப் பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள். விஞ்ஞான பாடத்தில் நீங்கள் படித்த சாய்தளம், விசையின் திருப்பம், உலோகங்களின் தாக்குதிறன் தொடர் ஆகிய மூன்றும் இங்கே ஒரு சிறிய துளைக்குள் சேர்ந்து வேலை செய்வதைக் காண்பீர்கள்.

திருகாணி போனால் வாங்கலாம், துளை போனால்?

திருகாணி ஒன்றின் விலை சில ரூபாய்கள். கடையில் வாங்கலாம். துளையோ காரின் உடலில் அல்லது எஞ்சினில் இருக்கிறது. அதைத் தனியாக வாங்க முடியாது. துளை கெட்டால் அது இருக்கும் பாகம் முழுவதும் கெட்டதாகிவிடும். அந்தப் பாகம் இப்போது தயாரிக்கப்படாத ஒன்றாயின் நிலைமை இன்னும் மோசம்.

மொறிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்பவரின் தலைமையில் வடிவமைக்கப்பட்ட இக்கார் 1948ஆம் ஆண்டு லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. 1960 டிசெம்பரில் பத்து இலட்சமாவது மைனர் தயாராயிற்று. 1971 இல் உற்பத்தி நிறுத்தப்படும்வரை ஏறத்தாழ 16 இலட்சம் கார்கள் செய்யப்பட்டன. இலங்கையில் இவை இன்றும் ஓடுகின்றன. 1990களில் இக்காருக்கான தகட்டுப் பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கும் அனுப்பப்பட்டன என்பதைப் பலர் அறியார். யாழ்ப்பாணத்தில் ‘ஏ போட்டி’ என்று அழைக்கப்படும் ஒஸ்ரின் ஏ40 கார்களும் மொறிஸ் மைனர்களும், அதே 1990களில் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடியதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இப்படிப்பட்ட வாகனம் ஒன்றை வைத்திருப்பவருக்குக் கதவுப் பிணைச்சல் துளை ஒன்று கெடுவது சிறிய விடயம் அன்று. அதை நம்பி வாடகைக்கு ஓடுபவராயின் அன்றைய உழைப்பும் நின்றுவிடும்.

இவ்வேளையில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை, ‘அடுத்த பெரிய அளவுத் திருகாணியைப் போட்டு இறுக்கு’ என்பதுதான். விரைவான வழி இது. ஆயினும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். துளை பெரிதாகிறது. அதன்மேல் பொருத்தப்படும் பாகத்தின் துளையையும் பெரிதாக்க வேண்டி வருகிறது. நான்கு திருகாணிகளில் ஒன்று மட்டும் வேறு அளவாகிறது. அடுத்த முறை கழற்றுபவர் எதை எங்கே போடுவது என்று தெரியாமல் மாற்றிப் போட்டு இன்னொரு துளையையும் கெடுக்கிறார். பெரிதாக்கிய துளை மறுபடியும் கெட்டால் இன்னும் பெரிதாக்க உலோகம் மிச்சமிராது. ஆகவே பெரிதாக்குதல் என்பது ஒரு துளைக்கு ஒரு தடவை, அதுவும் வேறு வழியில்லாதபோது மட்டும் செய்யக்கூடியது. பழைய அளவையே மீண்டும் பெறுவதுதான் நல்ல திருத்தம். கீழே வரும் முறைகள் யாவும் பெரும்பாலும் இந்த நோக்கத்தையே கொண்டவை.

புரி ஏன் அழிகிறது?

புரி என்பது ஓர் உருளையைச் சுற்றிச் சுருட்டப்பட்ட சாய்தளம். முக்கோண வடிவமாக வெட்டிய கடதாசி ஒன்றைப் பென்சிலைச் சுற்றிச் சுருட்டிப் பாருங்கள், விளங்கும். ‘புரி’ என்ற சொல்லே முறுக்குதல் என்ற கருத்தைத் தருவது. கயிற்றுப் புரி, முப்புரி, புரிநூல் என்பவற்றை நினைத்துப் பாருங்கள். கலைப்பிரிவில் படித்தவன் என்பதால் இந்தச் சொல் எனக்குப் பிடித்தமானது. கயிறு திரித்தவர்களின் சொல் இரும்புக்கும் பொருந்தி நிற்கிறது.

சிறு விசையைக் கொடுத்துப் பெரும் இறுக்கத்தைப் பெறுவதே சாய்தளத்தின் பயன். அதுவே ஆபத்தும் ஆகும். விசையின் திருப்பம் என்பது விசையையும் செங்குத்துத் தூரத்தையும் பெருக்க வருவது என்று படித்திருக்கிறீர்கள். 6 மி.மீ. போல்ற் ஒன்றுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீற்றர் அளவு திருப்பம் போதும். 10 சென்ரிமீற்றர் நீளமான ஸ்பனரில் இதற்கு 100 நியூட்டன் விசை வேண்டும். 30 சென்ரிமீற்றர் நீளமான ஸ்பனரில் ஏறத்தாழ 33 நியூட்டன் போதும். அதாவது நீண்ட ஸ்பனரை எடுத்துப் பழைய பழக்கத்திலேயே அழுத்துபவர், தம்மை அறியாமலே மூன்று மடங்கு திருப்பத்தைக் கொடுக்கிறார். சிறிய போல்ற்றுக்குச் சிறிய ஸ்பனர் செய்யப்பட்டிருப்பதன் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் கறள். உருக்குப் போல்ற் ஒன்று அலுமினியத் துளைக்குள் பல ஆண்டுகள் இருக்கிறது. மழைநீரோ உப்புக் காற்றின் ஈரமோ உள்ளே போகிறது. இரு வேறு உலோகங்களும் இடையில் உப்புநீரும் சேர்ந்தால் ஒரு சிறிய மின்கலம் உருவாகும். தாக்குதிறன் தொடரில் அலுமினியம் இரும்புக்கு மேலே இருப்பதால் அலுமினியமே அரிக்கப்படும். அரிப்பினால் உண்டாகும் வெள்ளைத் தூள் இடத்தை நிரப்பி போல்ற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும். பலத்தைக் கொடுத்துக் கழற்றினால் போல்ற் வெளியே வரும், ஆனால் புரியையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வரும்.

மூன்றாவது காரணம், பிழையான புரி. பழைய கார்களைப் பொறுத்தவரை இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். ஏனெனில் இங்கே கவனயீனம் இல்லாதவர்கூட ஏமாறலாம்.

அளவு ஒன்று போல, புரி வேறு

இங்கிலாந்தில் 1841 இல் ஜோசப் விற்வேர்த் என்பவர் புரிகளுக்கு ஒரு பொது அளவுத் திட்டத்தை முன்வைத்தார். அதன் புரிக் கோணம் 55 பாகை. பின்னர் நுண்புரி வேண்டிய இடங்களுக்கு பி.எஸ்.எப். எனப்படும் பிரித்தானிய நுண்புரி வந்தது. 1948 இல் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய நாடுகள் 60 பாகைக் கோணமுடைய பொதுவான புரி ஒன்றுக்கு உடன்பட்டன. அதன் நுண்புரி வகையே யூ.என்.எப். ஆகும். இன்று நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதோ மெற்றிக் புரி.

ஒரு காலங்குலப் போல்ற்றை எடுத்துக்கொள்வோம். விற்வேர்த் வகையில் ஓர் அங்குலத்துக்கு 20 புரிகள். பி.எஸ்.எப். வகையில் 26. யூ.என்.எப். வகையில் 28. மூன்றும் ஒரே தடிப்பு. கண்ணால் பார்த்து 26ஐயும் 28ஐயும் வேறுபடுத்துவது எளிதன்று.

இனி மெற்றிக் 6 மி.மீ. போல்ற்றை இதனோடு ஒப்பிடுவோம். காலங்குலம் என்பது 6.35 மி.மீ. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஆகையால் 28 புரி உள்ள யூ.என்.எப். வகையில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையிலான தூரம் 25.4 ÷ 28 = 0.907 மி.மீ. மெற்றிக் 6 மி.மீ. போல்ற்றில் இத்தூரம் 1 மி.மீ. இவ்வாறு பத்துப் புரிகள் செல்லும்போது வித்தியாசம் 0.93 மி.மீ. ஆகிறது. அதாவது ஏறத்தாழ ஒரு முழுப் புரி. ஆனால் மெற்றிக் போல்ற் 0.35 மி.மீ. மெல்லியது என்பதால் அது முதல் சில சுற்றுகள் தடையில்லாமல் உள்ளே போய்விடும்! போட்டவர் சரியாகப் பொருந்திவிட்டது என்று நினைப்பார். உண்மையில் ஓரிரு புரிகளின் நுனிகள் மட்டுமே அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். இறுக்கியவுடன் அந்த நுனிகள் வெட்டுப்பட்டுப் போகும். சுழலும் திருகாணிக்குக் காரணம் பலம் அதிகமானது என்று எண்ணுவர். காரணம் கடையில் வாங்கும்போதே தொடங்கிவிட்டது.

மொறிஸ் மைனரின் பிற்கால எஞ்சின்களில் பெரும்பாலும் யூ.என்.எப். வகையே உண்டு. காலங்குலப் போல்ற்றின் தலைக்கு 7/16 அங்குல ஸ்பனர் பொருந்தும். மெற்றிக் 6 மி.மீ. போல்ற்றுக்குப் பொதுவாக 10 மி.மீ. ஸ்பனர். எனவே தலையின் அளவு ஒரு துப்பு ஆகும். ஆயினும் தலையை மட்டும் நம்ப வேண்டாம். எம்.ஜி. நிறுவனத்தின் 1940களின் ‘ரீ’ வரிசைக் கார்களின் எஞ்சினில் புரி மெற்றிக், தலை விற்வேர்த் அளவு! இப்படி ஒரு கலப்பை யார் எதிர்பார்ப்பார்கள்?

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது இலகுவானது. சரியென்று தெரிந்த போல்ற் ஒன்றையும் புதிதாக வாங்கியதையும் பக்கம் பக்கமாக வைத்து, ஒன்றின் புரிக்குள் மற்றதன் புரி அமரும்படி அழுத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இரண்டும் ஒரே புரியானால் இடைவெளி தெரியாது. வேறானால் சில புரிகள் தள்ளி வெளிச்சம் ஒழுகும். ஒரு சதமும் செலவில்லாத சோதனை இது. துளைக்குள் போடும்போதும் முதல் மூன்று நான்கு சுற்றுகளை விரலாலேயே சுற்ற வேண்டும். விரலால் போகாததை ஸ்பனரால் போகச் செய்வது திருத்த வேலை ஆகாது.

முதலில் எதைப் பார்ப்பது?

துளை கெட்டதா, திருகாணி கெட்டதா என்பதை முதலில் தீர்மானியுங்கள். கழற்றிய போல்ற்றின் புரிகளுக்கிடையில் மெல்லிய சுருள் கம்பி போல உலோகம் சுற்றியிருந்தால் அது துளையிலிருந்து உரிந்து வந்த புரி. போல்ற்றின் புரிகள் மழுங்கியிருந்தால் புதியதைப் போட்டுப் பார்க்கலாம். துளைக்குள் அழுக்கும் பழைய வர்ணமும் அடைத்திருந்தாலும் போல்ற் கோணலாக ஏறிப் புரியைக் கெடுக்கும். ஆகவே சுத்தம் செய்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

அடுத்து, துளை எந்தப் பொருளில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய காரில் மூன்று பதில்கள் வரலாம்: மரம், தகடு, வார்ப்பு உலோகம். ஒன்றுக்கான வைத்தியம் மற்றதற்குப் பொருந்தாது.

மரத்தில்

காரில் மரமா என்று கேட்பீர்கள். மொறிஸ் மைனர் ட்ரவலர் என்ற வகை 1953 முதல் 1971 வரை செய்யப்பட்டது. அதன் பின்பகுதி ஆஷ் என்னும் வன்மரச் சட்டங்களால் ஆனது. இச்சட்டங்கள் அழகுக்காக ஒட்டப்பட்டவை அல்ல. பின்பகுதிக் கூட்டையும் இரு பின்கதவுகளையும் தாங்குபவை அவையே.

மரத்துளை தளர்ந்தால் நெருப்புக்குச்சியைப் பசையில் தோய்த்துச் செருகித் திருகாணியைப் போடுவது நம் வீடுகளிலும் கண்ட முறை. உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய அலங்காரத் தகட்டைப் பிடிக்க இது போதும். கதவுப் பிணைச்சலுக்குப் போதாது. அங்கே துளையை வட்டமாகத் துளையிட்டுச் சுத்தமாக்கி, அதே வகை வன்மரத்தாலான அடைப்பு ஒன்றை நீர்புகாத பசையிட்டு இறுக்கி, நன்கு காய்ந்த பின்னர் புதிய சிறு துளை இட வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கடையில் விற்கும் வட்ட மரக்குச்சியை வெட்டிச் செருகினால், மரத்தின் நார்கள் துளையின் நீளப்பாட்டுக்கு ஓடும். திருகாணி அந்த நார்களுக்கிடையே நேராக இறங்கும். அவற்றைப் பிரித்துக்கொண்டு போகுமே தவிர, குறுக்கே வெட்டிப் பிடித்துக்கொள்ளாது. பலகையின் முகப்பிலிருந்து, நாருக்குக் குறுக்காக வெட்டியெடுத்த அடைப்பு ஆயின் நார்கள் திருகாணிக்குக் குறுக்கே இருக்கும். பிடி அதிகம். நல்ல தச்சர் ஒருவர் இதைச் சொல்லாமலே செய்வார்.

மரம் உக்கியிருந்தால் எந்த அடைப்பும் நிற்காது. கத்தி நுனியால் குத்திப் பாருங்கள். நுனி இலகுவாக இறங்கினால் அந்தப் பகுதியையே வெட்டியெடுத்துப் புதுமரம் பொருத்த வேண்டும்.

தகட்டில்

காரின் உடற்தகடு ஏறத்தாழ 1 மி.மீ. தடிப்பானது. அதில் தானே புரி வெட்டிக்கொண்டு போகும் கூர்த் திருகாணிகள் பயன்படுகின்றன. 1 மி.மீ. தகட்டில் எத்தனை புரிகள் பிடிக்கும்? ஒன்று, மிஞ்சினால் அதற்குச் சற்று மேல். முழுப் பாரமும் அந்த ஒரு புரியில்தான். எனவே இவை அடிக்கடி தளர்வதில் வியப்பில்லை.

தளர்ந்த துளையின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். திருகாணி இழுத்த பக்கமாகத் தகடு எழும்பி, எரிமலை வாய் போல இருக்கும். பின்னால் ஓர் இரும்புக் கட்டியைப் பிடித்து, முன்னால் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் எழும்பிய விளிம்பு படிந்து துளையும் சற்றுச் சுருங்கும். பல தடவைகளில் இதுவே போதுமானது. பழைய திருகாணியே மறுபடி பிடிக்கும்.

போதாவிட்டால், வளைத்த உருக்குத் தகட்டாலான யூ வடிவ நட் ஒன்றைத் தகட்டின் விளிம்பில் செருகலாம். புரி இனி அந்தச் செருகியில் இருக்கும். கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். விளிம்புக்கு எட்டாத இடங்களுக்கு றிவெற் நட் உண்டு. முன்பக்கத்திலிருந்தே துளைக்குள் செலுத்தி, கருவியால் இழுத்தால் அதன் பின்பக்கம் நசிந்து விரிந்து தகட்டைக் கவ்விக்கொள்ளும். வசதியான பொருள்தான். ஆனால் 5 மி.மீ. போல்ற்றுக்குரிய றிவெற் நட்டுக்கு ஏறத்தாழ 7 மி.மீ. துளை வேண்டும். காரின் பழைய தகட்டில் நிரந்தரமாகப் பெரிய துளை விழுகிறது. இதனால் நான் அதை இரண்டாம் தெரிவாகவே வைப்பேன். தகடு கறள் பிடித்து மெலிந்திருந்தால் நட் தன்னிடத்திலேயே சுழலத் தொடங்கும். அதைப் பின்னர் கழற்றுவது பெரும்பாடு.

மிகச் சுத்தமான வழி, துளையை வெல்டிங் செய்து மூடி, அரத்தால் மட்டமாக்கி, அதே இடத்தில் பழைய அளவில் மீண்டும் துளையிடுவது. வெல்டிங் செய்பவர் துளையின் பின்னால் ஒரு செப்புத் துண்டை வைத்துக்கொள்வார். ஏன்? உருகிய உருக்கு செம்பில் ஒட்டாது. அத்துடன் செம்பு சிறந்த வெப்பக் கடத்தி ஆகையால் மேலதிக வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். தகடு எரிந்து துளை பெரிதாகாது. விஞ்ஞான பாடத்தில் ‘வெப்பக் கடத்தலின் பயன்கள்’ என்று கேட்டால் எல்லோரும் சமையற் பாத்திரத்தையே எழுதுவார்கள். நீங்கள் இதையும் எழுதலாம். ஆனால் வெல்டிங்குக்கு முன்னர் பற்றரியைக் கழற்றி, அயலில் உள்ள பெற்றோல் குழாய், இருக்கை, விரிப்பு என்பவற்றை அகற்ற வேண்டும். தகட்டின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பாராமல் வெல்டிங் செய்து கார்கள் தீப்பற்றியதுண்டு.

வார்ப்பு உலோகத்தில்

இதுவே நுட்பமான பகுதி. கியர்ப் பெட்டிக் கூடு, காபரேற்றர், தண்ணீர் வெளியேறும் மூடி போன்றவை பல பழைய கார்களில் அலுமினியக் கலப்புலோக வார்ப்புகள். போல்ற்றோ உருக்கு. வலியதும் மெலியதும் மோதினால் மெலியதே தோற்கும். இதனாலேயே உருக்கில் போல்ற்றின் விட்டமளவு ஆழம் புரி பிடித்தால் போதும் என்றால், அலுமினியத்தில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் வைப்பார்கள்.

முதலில் துளையின் ஆழத்தை ஒரு கம்பியை விட்டு அளவுங்கள். பல துளைகளில் பழைய போல்ற் எட்டாத ஆழத்தில் நல்ல புரிகள் மிச்சமிருக்கும். அப்படியானால் சற்று நீளமான போல்ற்றே முழுத் திருத்தமும் ஆகும். ஆனால் அது அடியில் முட்டக்கூடாது. முட்டினால் இறுகியது போல் தோன்றும், பாகம் இறுகியிராது. அடி மூடிய துளைக்குள் ஒயில் தேங்கியிருந்தாலும் ஆபத்து. திரவம் அமுங்காது. போல்ற் உள்ளே போகப் போக அழுத்தம் ஏறி வார்ப்பே வெடிக்கலாம்.

ஆழத்திலும் புரி இல்லையென்றால், கம்பிச் சுருள் செருகி கைகொடுக்கும். ஹெலிகொயில் என்ற வியாபாரப் பெயரே இதற்குப் பொதுப்பெயர் போலாகிவிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமான எஞ்சின்களில் பயன்பட்ட முறை இது. துருவேறா உருக்குக் கம்பியைச் சுருட்டிச் செய்த வில் போன்றது. கம்பியின் குறுக்குமுகம் வட்டமன்று, சாய்சதுரம். ஆகவே சுருளின் வெளிப்புறமும் ஒரு புரியாக இருக்கும், உட்புறமும் ஒரு புரியாக இருக்கும். முறுக்கிய நூலைப் ‘புரி’ என்ற முன்னோர் இதைக் கண்டால் வேறு பெயர் தேட மாட்டார்கள்.

6 மி.மீ. போல்ற்றுக்கான செய்கையைப் பார்ப்போம். கெட்ட துளையை 6.3 மி.மீ. அலகால் நேராகத் துளையிட வேண்டும். பின்னர் செருகியோடு வரும் விசேட டப் கருவியால் வெளிப்புரியை வெட்ட வேண்டும். டப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று திருப்பினால் சீவல்கள் முறிந்து விழும். ஒரேயடியாகத் திருப்பினால் டப் முறிந்து துளைக்குள் சிக்கும். அதை எடுப்பது கெட்ட புரியைத் திருத்துவதிலும் பன்மடங்கு கடினம். துளையை ஊதிச் சுத்தமாக்கிய பின்னர் சுருளை அதற்குரிய கருவியால் திருகி இறக்கி, மேற்பரப்புக்குக் கால் முதல் அரைச் சுற்றுக் கீழே நிறுத்த வேண்டும். மேற்பரப்புக்கு மேலே நின்றால் மூடி மட்டமாக அமராது. கடைசியாகச் சுருளின் அடியிலுள்ள சிறிய வால் துண்டை முறித்து எடுத்துவிட வேண்டும்.

இவ்வாறு திருத்திய துளை பழையதைவிட வலிமையானதாக இருக்கும் என்று சொன்னால் நம்புவீர்களா? கணக்கிட்டுப் பாருங்கள். முன்னர் அலுமினியத்தைப் பிடித்த புரியின் வெளிவிட்டம் 6 மி.மீ. அதன் சுற்றளவு ஏறத்தாழ 18.8 மி.மீ. இப்போது சுருளின் வெளிப்புரி அலுமினியத்தைப் பிடிக்கும் விட்டம் ஏறத்தாழ 7.3 மி.மீ. சுற்றளவு 22.9 மி.மீ. ஒரே ஆழத்துக்கு, பாரத்தைத் தாங்கும் அலுமினியம் ஐந்திலொரு பங்கு அதிகமாகிறது. அத்துடன் போல்ற் இனித் தேய்ப்பது அலுமினியத்தை அன்று, துருவேறா உருக்கை. போல்ற்றின் அளவோ பழைய 6 மி.மீ. தான். ‘பெரிய திருகாணி போடு’ என்ற யோசனையில் கிடைக்கும் நன்மை இதிலும் உண்டு. அதன் தீமை இல்லை. யூ.என்.எப்., பி.எஸ்.எப். அளவுகளிலும் இச்செருகிகள் கிடைக்கின்றன. வாங்கும்போது புரியின் வகையைச் சொல்லி வாங்க வேண்டும்.

பிளக் துளைக்கும் இதே முறை பயன்படும். வொக்ஸ்வாகன் பீற்றில் காரின் சிலிண்டர்த் தலை அலுமினியம். அதில் 14 மி.மீ. பிளக்குகள். சூடான எஞ்சினில் கழற்றியும் கோணலாக ஏற்றியும் புரி அழிவது வழக்கம். தலையைக் கழற்றாமல் திருத்துபவர் டப்பின் குழிகளில் கிறீஸ் பூசிக்கொள்வார். சீவல்கள் சிலிண்டருக்குள் விழாமல் கிறீஸில் ஒட்டிக்கொள்ளும். விழுந்த ஒரு சீவல் சிலிண்டரின் சுவரைக் கீறிவிடும் என்பதால் அவர் கருவியை அடிக்கடி வெளியே எடுத்துத் துடைப்பார். முறிக்க வேண்டிய வாலையும் உள்ளே விழவிடாமல் குறட்டால் பிடித்தே முறிப்பார்.

குழாயில் விற்கும் இருகூட்டுப் பசையை நிரப்பி, காய்ந்த பின்னர் புரி வெட்டுவதையும் சிலர் செய்கிறார்கள். தூசி தட்டும் மூடி போன்ற இலேசான இடங்களுக்குப் பாதகமில்லை. சூடும் அதிர்வும் உள்ள இடங்களில் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தொடக்கூடாத துளைகள்

பிரேக், ஸ்ரியறிங், சில்லுகளைத் தாங்கும் பகுதிகள், ஆசனப் பட்டி பூட்டப்படும் இடம் ஆகியவற்றில் புரி அழிந்திருந்தால் மேற்கூறிய எதையும் நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். அங்கே பாகத்தை மாற்றுவதா, திருத்துவதா என்பதை அனுபவமுள்ள மெக்கானிக் தீர்மானிக்க வேண்டும். பரீட்சை முடிந்து கராச்சுக்கு வேலை பழகப் போகும் மாணவர்கள் உங்களுள் சிலர் இருப்பீர்கள். ‘இறுக்கமாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லி வண்டியை வெளியே விடும்படி யாரேனும் சொன்னால், எந்தத் துளை என்று ஒரு தரம் கேளுங்கள். வண்டிக்குள் ஏறப்போகிறவர்களுக்கு அது தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

பயிற்சி

கீழ்வரும் மூன்று நிலைமைகளுக்கும் ஆறு வரிகளுக்கு மேற்படாமல், காரணத்தோடு விடை எழுதுங்கள். மொறிஸ் ட்ரவலர் ஒன்றின் பின்கதவுப் பிணைச்சல் திருகாணி பிடிக்கவில்லை. அருகே கத்தியால் குத்தினால் நுனி இலகுவாக இறங்குகிறது. அலுமினிய மூடி ஒன்றின் 6 மி.மீ. துளையில் போல்ற் 9 மி.மீ. ஆழம் வரை போய்ப் பிடிக்காமல் சுழல்கிறது. கம்பியை விட்டு அளந்தால் துளை 20 மி.மீ. ஆழமாக இருக்கிறது. காலங்குல யூ.என்.எப். துளை ஒன்றில் புதிதாக வாங்கிய போல்ற் விரலாலேயே சில சுற்றுகள் உள்ளே போகிறது, ஆனால் இலேசாக ஆடுகிறது. உரிமையாளர் ‘சரியாகத்தான் போகிறது, இறுக்கு’ என்கிறார். மூன்றாவதற்கு விடை எழுதும்போது கணக்கையும் காட்டுங்கள்.